திருத்துறைப்பூண்டிக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா?

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தோழி போன் செய்தாள். என்னோடு ஒன்றாக மெடிக்கல் கோடராகச் சேர்ந்தவள், இப்போதுதான் டீம் லீடாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது, அவள் கையில் கொடுத்திருக்கும் பன்னிரண்டு பேரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்: "ஏன்டி, இவங்க உண்மையிலேயே வேலை பாக்குறாங்களான்னு நீ எப்படிக் கண்டுபிடிக்கிற?"

நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைத்தான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, அடுப்பில் குக்கர் வேறு இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது மன்னார்குடியில். எங்கள் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ், ஜன்னலைத் திறந்தால் தென்னை மரங்களுக்கு மேலே ராஜகோபால சுவாமி கோயில் கோபுரத்தின் உச்சி தெரியும். என் குழுவில் பதினான்கு பேர். கும்பகோணத்தில் மூன்று பேர், பட்டுக்கோட்டையில் இரண்டு பேர், மயிலாடுதுறை, நீடாமங்கலம், வலங்கைமான், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று ஊருக்கு ஒருவர், மிச்சப் பேர் திருச்சியிலும் சென்னையிலும். எல்லாருடைய பெயரும் தெரியும் என்றாலும் வீட்டில் அவர்களைப் பற்றிப் பேசும்போது ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் பேசுவேன், அம்மாவும் "பட்டுக்கோட்டைப் பொண்ணுக்குக் கொழந்த பொறந்துடுச்சா" என்றுதான் கேட்பார்.

வேலை மெடிக்கல் கோடிங். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்த்துவிட்டு எழுதும் குறிப்புதான் எங்களுக்குச் சார்ட். அதைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதற்கு உரிய எண்களைப் போட்டுக் கொடுப்போம், அந்த எண்களை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி மருத்துவமனைக்குப் பணம் தரும். நோய்க்கு அமெரிக்காவில் பயன்படுத்தும் ஐசிடி-10 பட்டியலில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட குறியீடுகள் இருக்கின்றன. அது ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 1-ம் தேதி மாறும், சிகிச்சைக்கான சிபிடி குறியீடுகள் ஜனவரி 1-ம் தேதி மாறும். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட் உண்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே குவாலிட்டி இறங்கக் கூடாது. ஆக, எங்கள் வேலையை அளப்பதற்கு யாரும் யாரையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தேவையே கிடையாது. சாயங்காலம் எண்ணிக்கை தெரிந்துவிடும், மறுநாள் ஆடிட்டில், அதாவது போட்ட எண்களை இன்னொருவர் சரிபார்க்கும்போது, தரம் தெரிந்துவிடும். இருந்தும் பார்த்தோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிப்பதற்கு நான்கு நாள் முன்னால் மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன், ஒரு வாரத்துக்குத் துணி எடுத்துக்கொண்டுதான் வந்தேன். அப்புறம் கம்பெனி வேனில் வைத்துக் கம்ப்யூட்டர்களை ஊர் ஊராக அனுப்பியது. அனுப்பின கையோடு அதற்குள் ஒரு சாஃப்ட்வேரையும் போட்டு அனுப்பியிருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடிக்கும், மவுஸும் கீபோர்டும் அசையாமல் இருந்தால் அந்த நிமிடங்களைத் தனியாகக் கூட்டி வைத்துக்கொள்ளும், இரவு ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு எக்செல் வந்துவிடும். யார் எத்தனை நிமிடம் சும்மா இருந்தார்கள் என்று சிவப்பிலும் பச்சையிலும். உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் ஆறு மாதம் அந்த எக்செல் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆபீஸில் எழுந்து ஒரு சுற்று நடந்துவந்தால் யார் முகம் வாடியிருக்கிறது, யார் திணறுகிறார்கள் என்று தெரிந்துவிடும், அது இல்லாமல் போனபோது கை கால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது, அந்த இடத்தில் ஏதோ ஒன்று கையில் இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டேன். சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியையும் ஒரு நாளைக்கு நூறு தடவை பார்ப்பேன். மஞ்சளாக மாறினால் "இருக்கீங்களா?" என்று ஒரு செய்தி அனுப்புவேன். இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. வேலை நடுவில் பாத்ரூம் போன பெண்ணுக்குக்கூட அந்தக் கேள்வி போயிருக்கும்.

கோடிங்கில் மவுஸ் அசையாத நேரம்தான் பெரும்பாலும் உண்மையான வேலை நடக்கும் நேரம். பத்து நாள் மருத்துவமனையில் இருந்தவரின் சார்ட் நாற்பது பக்கம் வரும். மருத்துவர் ஓரிடத்தில் நிமோனியா என்று எழுதியிருப்பார், இன்னோரிடத்தில் சந்தேகம் என்று எழுதியிருப்பார், கடைசிப் பக்கத்தில் வேறொன்றைச் சொல்லியிருப்பார், இதையெல்லாம் மனதுக்குள் கூட்டிக் கழித்து உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நன்றாக யோசிப்பவர் சாஃப்ட்வேர் கணக்கில் சோம்பேறி ஆகிவிடுகிறார். என் குழுவிலேயே மிக நல்ல கோடர், கும்பகோணத்து அண்ணன் ஒருவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், தினமும் சிவப்பில் வருவார். நான் இரண்டு முறை எச்சரித்த பிறகு அவர் பச்சையில் வர ஆரம்பித்தார். எப்படி என்று பிற்பாடு அவரே சொன்னார், படிக்கும்போது இடது கையால் மவுஸை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருப்பாராம். சிலர் மவுஸைத் தானாக ஆட்டிவிடும் சின்னக் கருவியை ஆன்லைனில் வாங்கியிருந்தார்கள். பதினைந்து வருட அனுபவம் உள்ள ஒரு மனிதரை நான் மவுஸ் உருட்ட வைத்திருக்கிறேன்.

கண்காணி என்ற சொல்தான் வாய்வழக்கில் கங்காணி ஆனது. நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தோட்ட வேலைக்குப் போன குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு, அந்த வீடுகளில் பெரியவர்கள் கங்காணி என்று சொல்லும்போது குரலே மாறும். மேலாளர் வேலைக்குக் கண்காணிப்பு என்று தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வருகிறது.

இது என் ஒருத்தியின் பயம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் 2022-ல் பல நாடுகளில் கேட்டு வெளியிட்ட அறிக்கையில், ஊழியர்களில் 87 சதவீதம் பேர் நாங்கள் நன்றாக வேலை செய்கிறோம் என்று சொன்னார்கள், தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களில் 85 சதவீதம் பேர் பாதி நாள் வீடு, பாதி நாள் ஆபீஸ் என்று ஆன பிறகு ஊழியர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று நம்புவதே கடினமாகிவிட்டது என்றார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் வாய்க்கால் தூர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

சரி, எனக்கு எப்போது உறைத்தது என்று சொல்கிறேன்.

2021 ஜனவரி 1-ம் தேதி எங்கள் துறையில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. மருத்துவரின் கிளினிக்குக்கு வந்து பார்த்துப் போகும் நோயாளிகளுக்கு, அந்தச் சந்திப்பு எவ்வளவு சிக்கலானது என்று நிலை பிரித்து எண் போட வேண்டும். அதுவரை நோயாளியின் கதையை எவ்வளவு கேட்டார், எத்தனை உறுப்புகளைப் பரிசோதித்தார் என்று எண்ணித்தான் நிலையை முடிவு செய்வோம். அந்த ஜனவரியிலிருந்து அதையெல்லாம் எண்ண வேண்டியதில்லை, மருத்துவர் எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது அல்லது அன்றைக்கு அவர் செலவிட்ட மொத்த நேரம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது, 99201 என்ற குறியீடே இல்லாமல் போனது. இருபது வருடத்துக்கு மேலாக இருந்த பழக்கம் ஒரே இரவில் மாறியது. ஆபீஸில் இருந்திருந்தால் அந்த ஒரு வாரம் முழுக்க அந்தப் பேச்சுதான் இருந்திருக்கும், கேன்டீனில், லிஃப்ட்டில், பக்கத்து சீட்டில், யாரும் சொல்லித்தராமலேயே பாதி காதில் விழுந்திருக்கும்.

அதே ஜனவரியில்தான் டெல்டாவில் அந்தக் காலம் தப்பிய மழை. டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் மழை ஒரு முறை மூழ்கடித்துவிட்டுப் போனது, அதிலிருந்து தப்பி நின்ற சம்பா பயிர் பொங்கலையொட்டி அறுவடைக்குத் தயாராகச் சாய்ந்து நின்ற நேரத்தில் மறுபடி நாள் கணக்கில் கொட்டியது. கதிரோடு தண்ணீரில் படுத்த நெல் வயலிலேயே முளைத்தது. எங்கள் அப்பாவுக்குக் கோட்டூர் பக்கம் ஒன்பது மா நிலம், அதில் பாதிக்கு மேல் போய்விட்டது, அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி டிசம்பர் கடைசியில்தான் வேறொரு குழுவிலிருந்து என் குழுவுக்கு மாறி வந்திருந்தாள். ஜனவரி மூன்றாவது வாரத்தில் அவள் குவாலிட்டி எண்பதுக்கும் கீழே இறங்கியது. சும்மா இருந்த நிமிடங்களும் கூடுதல். நான் ஒரு மெயில் அனுப்பினேன், பதில் "சாரி மேம், கவனமாகச் செய்கிறேன்" என்று வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. இன்னும் கொஞ்சம் கடுமையாக இன்னொரு மெயில் அனுப்பினேன், மேலதிகாரிக்கும் நகல் போட்டேன். அதற்கும் சாரி. மேலிடத்திலிருந்து, முப்பது நாள் கெடு கொடுத்துப் பார்க்கலாம், தேறாவிட்டால் அனுப்பிவிடலாம் என்று சொன்னார்கள். நானும் சரி என்று படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் ஏதோ புலம்பினேன். அந்தப் பெண்ணைப் பற்றித்தான், வீட்டில் இருந்துகொண்டு ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்று. அப்பா நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பயிர் மஞ்சளா நிக்குதுன்னா பயிரத் திட்டி என்னம்மா ஆவப் போவுது. வாய்க்கா நெடுக நடந்து பாரு. எங்கயாச்சும் அடச்சிக்கிட்டு நிக்கும்."

மறுநாள் காலை போன் செய்தேன். அந்த ஒரு மாதத்தில் அவளிடம் நான் குரலில் பேசியது அதுதான் முதல் முறை. பத்து நிமிடம் கழித்துத்தான் அவள் அழ ஆரம்பித்தாள். அவர்கள் நிலமும் மூழ்கிவிட்டது, வட்டிக்கு வாங்கிச் செய்த சாகுபடி. பொங்கலுக்கு முதல் நாள், புது விதியை விளக்கி நான் நடத்திய கூட்டத்தின்போது அவர்கள் ஊரில் இரண்டு நாளாகக் கரன்ட் இல்லை, டவரும் இல்லை. கூட்டத்தின் பதிவு ஏழு நாளில் அழிந்துவிடும்படி அமைத்திருந்தது, அவள் தேடும்போது இல்லை. சரி, எழுத்தில் அனுப்பினேனே அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "எனக்கு எதுவும் வரலையே அக்கா" என்றாள். போய்ப் பார்த்தால், என் குழுவின் மெயில் பட்டியலில் அவள் பெயரே இல்லை. அவள் மாறி வந்த அன்று நான் சேர்த்திருக்க வேண்டும், சேர்க்கவில்லை. அவள் செய்த பிழைகளை எடுத்து அடுக்கிப் பார்த்தேன், ஏறக்குறைய எல்லாமே ஒரே வகை, பழைய விதிப்படி மிகச் சரியாகப் போட்ட எண்கள்.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். புதிதாக வந்த இடத்தில், எல்லாரும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்போது, இது கூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தாளாம். அந்தப் படிவத்தை அழித்தேன். மேலதிகாரிக்கு, தவறு என்னுடையது, என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி அனுப்பினேன். மூன்று நாள் ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்து புது விதியைச் சொல்லிக்கொடுத்தேன். பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் அவள் குவாலிட்டி 97.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தால் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடி பாமணியாறு, கோரையாறு என்று பிரியும். அதிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கன்னி வாய்க்கால், அப்புறம் மடை. டிவியில் கல்லணையில் பூத்தூவித் தண்ணீர் திறப்பதைக் காட்டும்போது எங்கள் அப்பா ஒரு நாளும் சந்தோஷப்பட்டதில்லை, கோட்டூருக்கு வரட்டும் என்பார். தலைமடையில் தண்ணீர் நிறைந்து நிற்பதைப் பார்த்துக் கடைமடைக்கும் போயிருக்கும் என்று எந்த விவசாயியும் நம்ப மாட்டார். நான் மட்டும் அனுப்பு பட்டனை அழுத்தியதும் பதினான்கு பேருக்கும் பாய்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் முறையை மெதுவாக மாற்றினேன், ஒரே நாளில் இல்லை, சிலது சரியாக வரவில்லை.

முதல் வேலை, விதி சம்பந்தமான எந்த விஷயமும் சாட்டில் சொல்லி முடிந்துபோகக் கூடாது என்று வைத்தேன். எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு கோப்பு, தேதி போட்டு, என்ன மாறியது, எந்த சார்ட்டில் எப்படி வரும் என்று ஓர் உதாரணத்தோடு. படித்தவர் தன் பெயருக்கு நேரே, தான் புரிந்துகொண்டதை ஒரு வரியில் எழுத வேண்டும். "படித்தேன்" என்று எழுதினால் ஏற்க மாட்டேன். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் வெளிவரும். பதினான்கில் மூன்று பேர் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதினால் நான் எழுதிய விதம் சரியில்லை என்று அர்த்தம், திருத்தி எழுதுவேன். அக்டோபர் 1 வரும்போது இங்கே ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருக்கும், அதனால் செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் எல்லாரிடமிருந்தும் அந்த வரி வந்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன், அப்புறம் யார் வீட்டில் எத்தனை நாள் கரன்ட் போகும் என்று யாருக்குத் தெரியும்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு பொது இடம். யார் கேட்டாலும் எல்லாருக்கும் தெரியும்படி. ஆரம்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை, தனித்தனியாக எனக்குத்தான் அனுப்பினார்கள். நானே என் சந்தேகங்களை அங்கே போட ஆரம்பித்தேன், உண்மையான சந்தேகங்கள், கும்பகோணத்து அண்ணன் எனக்குப் பதில் எழுதுவார். லீடே கேட்கிறார் என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் திறந்தது.

அப்புறம் வாராவாரம் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் போன். பதினான்கு பேருக்கு ஏழு மணி நேரம், அதாவது என் வாரத்தில் ஏறக்குறைய ஒரு முழு நாள் போய்விடுகிறது. மேலிடத்தில் இது வீண் என்றார்கள். இதுதான் என் வேலை, மற்றதெல்லாம் இதற்கு மேல்தான் என்று நான் சொன்னேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். வீடியோ கட்டாயம் இல்லை, நிறையப் பேர் கேமரா இல்லாமல்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். "இந்த வாரம் என்ன செய்தீர்கள்" என்று கேட்பதில்லை, அது என் திரையிலேயே இருக்கிறது. "எது மாட்டிக்கிட்டு நிக்குது?" என்று கேட்பேன். முதலில் "ஒண்ணும் இல்லக்கா" என்றுதான் வரும். நான் உடனே அடுத்ததற்குப் போய்விடாமல் கொஞ்சம் பேசாமல் இருப்பேன். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் விஷயம், மானிட்டர் மங்கிவிட்டது, இந்த ஆடிட்டர் எழுதுவது புரியவில்லை, மாமனார் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

ஆடிட் பிழைகளை மெயிலில் மட்டும் சொல்வதையும் நிறுத்தினேன். எழுத்தில் படிக்கும்போது சாதாரணத் திருத்தம்கூடத் திட்டு மாதிரி கேட்கும். அதுவும் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து படிக்கும்போது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு, ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் ஒன்பது மாதம் நடத்தியது. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இதை எல்லாரும் சொல்கிறார்கள். அந்தச் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்ததை யாரும் சொல்வதில்லை: வேலை பார்ப்பதற்கு வீட்டில் தனி அறை இருக்க வேண்டும். தனியாக இருப்பது தாங்கவில்லை என்று அவர்களில் பலர் சொன்னார்கள் என்பதையும் சொல்வதில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் தனி அறை யாருக்கு இருக்கிறது? ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. எங்களுக்கோ நோயாளிகளின் விவரம் என்பதால் அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் இருக்கிறது, அதற்காகக் கம்பெனி வைத்திருக்கும் விதிப்படி திரை இன்னொருவர் கண்ணில் படக்கூடாது, பக்கத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, கதவைச் சாத்த வேண்டும். மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது மணி நேரம் உள்ளே இருந்தால் மாமியாருக்கு அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். "வீட்டுலதானே இருக்க" என்ற வார்த்தை என் குழுவில் எட்டுப் பெண்களும் கேட்டது. வலங்கைமானில் ஒரு பெண்ணின் மாமியாரிடம் நானே ஒரு முறை பேசினேன், அவளைக் கேட்டுக்கொண்டு, அவள் சம்மதித்த பிறகு. "அம்மா, இவங்க போடுற நம்பர் ஒண்ணு தப்பினா அங்க ஒரு நோயாளிக்கு இன்சூரன்ஸ் பணம் வராம நின்னுடும்" என்று சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதெல்லாம் எங்கிட்ட யாரும் சொல்லலியேம்மா" என்றார்கள். இப்போது பதினோரு மணிக் காபியை அவர்களே கதவைத் தட்டிவிட்டு வெளியில் வைத்துவிட்டுப் போகிறார்களாம். மேலாளர் வீட்டு விஷயத்தில் தலையிடலாமா என்று சிலர் கேட்பார்கள். கேட்காமல் தலையிடக் கூடாது, உண்மைதான். ஆனால் வீடுதான் வேலைக்களம் என்று ஆன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருப்பதும் சரியில்லை. பிரசவ விடுப்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், 2017-ல் வந்த திருத்தத்திலிருந்து சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு தருவதோடு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால் அதற்குப் பிறகும் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்கிறது. நிறையப் பெண்களுக்கு இது தெரியாது, லீடுகளுக்கும் தெரியாது. விடுப்பு முடியும் முன்பே நான் அந்தப் பேச்சை எடுத்துவிடுகிறேன்.

கரன்ட் விஷயம் எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை. துணைமின்நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் நிறுத்துவார்கள், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்தந்த ஊர் தேதியை எங்கள் காலண்டரில் போட்டுவிடுகிறோம், அன்றைக்கு அவர் அதிகாலையிலோ சாயங்காலத்துக்கு மேலோ வேலை பார்ப்பார், கணக்கு வாரத்துக்குத்தான், நாளுக்கு இல்லை. இன்வெர்ட்டருக்குக் கம்பெனி பணம் தரவேண்டும் என்று ஒன்றரை வருடம் எழுதிக்கொண்டே இருந்தேன், இப்போது பாதி தருகிறார்கள். 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவள் நான், இதெல்லாம் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்று தோழி கேட்டாள். இருந்தார்கள். ஒரு பையன் எங்களிடம் வேலை பார்த்துக்கொண்டே இன்னொரு கம்பெனியிலும் முழுநேரமாகச் சேர்ந்திருந்தான். அவனுடைய திரையை சாஃப்ட்வேர் பிடித்த படங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன, சிவப்பே கிடையாது. மூன்று வாரம் தொடர்ந்து மதியத்துக்கு மேல் போட்ட சார்ட்களில் மட்டும் பிழை கூடியது, வாராந்திரப் பேச்சில் குரல் களைத்திருந்தது. நேரடியாகக் கேட்டேன், ஒத்துக்கொண்டான். தங்கை கல்யாணக் கடன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், அவன் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்துப் போய்விட்டான். எனக்கு வருத்தம்தான், ஆனால் அது வேறு கதை. கண்டுபிடித்தது சாஃப்ட்வேர் இல்லை.

எனக்கு இன்னும் பெரிய கவலை பதவி உயர்வு. அந்த சிட்ரிப் ஆய்வில் இன்னொன்றும் வந்தது, ஒரே அளவு திறமை காட்டினாலும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் வருவதில்லை. அதே நிறுவனத்தில் (இப்போது ட்ரிப்.காம்) 1,612 பேரை வைத்துச் செய்த புதிய ஆய்வு 2024-ல் நேச்சர் இதழில் வந்தது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு, மற்ற நாள் ஆபீஸ். அதில் பதவி உயர்விலும் மதிப்பீட்டிலும் வித்தியாசம் இல்லை, வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சோதனைக்கு முன்னால் இதனால் உற்பத்தி குறையும் என்று நினைத்த மேலாளர்கள், முடிந்தபின் கூடும் என்று மனம் மாறியிருந்தார்கள். ஆக, அவ்வப்போது முகம் பார்த்துக்கொள்வதில் ஏதோ இருக்கிறது. என் ஆட்களுக்கு வாரம் மூன்று நாள் சென்னைக்குப் போக வழியில்லை. அதனால் நான் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், யார் எந்தக் கடினமான சார்ட்டைத் தீர்த்தார்கள், யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நடந்த அன்றே எழுதிவிடுவேன். மேலதிகாரிகள் கூட்டத்தில் மாதம் ஒரு முறை என் குழுவிலிருந்து ஒருவரைப் பேசவைக்கிறேன். அந்தத் திருத்துறைப்பூண்டிப் பெண் இப்போது ஆடிட்டர். என் சார்ட்களையும் அவள்தான் பார்க்கிறாள், தயவுதாட்சண்யம் கிடையாது.

புதிதாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்குத்தான் நான் இன்னும் ஒழுங்காக எதுவும் செய்யவில்லை. முதல் வேலையே வீட்டில், ஒரு திரைக்கு முன்னால் என்றால், வேலை என்பது என்ன, மூத்தவர் ஒரு தவறை எப்படிக் கையாள்கிறார் என்பதையெல்லாம் அவர்கள் எங்கே பார்ப்பார்கள்? ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவரை ஜோடி சேர்த்துவிடுகிறேன், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தஞ்சாவூரில் எல்லாரும் ஒரு நாள் கூடுகிறோம். தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறந்தபோது எங்கள் கம்பெனியும் அங்கே நாலு மேசை எடுக்காதா என்று கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை, மறுபடி எழுதுவேன்.

வேதாரண்யத்துத் தம்பி அப்படி வந்தவன்தான், சேர்ந்து எட்டு மாதம். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, குவாலிட்டி 96. ஆனால் ஒரு மாதமாகப் பொது இடத்தில் ஒரு கேள்விகூட இல்லை, வாராந்திரப் பேச்சில் நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் "ஒண்ணும் இல்லக்கா"தான். தஞ்சாவூருக்கும் வரவில்லை. சனிக்கிழமை நானே வேதாரண்யத்துக்கு வருகிறேன், வேலையைப் பற்றிப் பேச இல்லை, அம்மா கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார்கள், அப்படியே உன்னையும் பார்த்துவிட்டுப் போகிறேன், வேண்டாம் என்றால் தாராளமாகச் சொல் என்று நேற்று செய்தி அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. ராத்திரி பத்தரைக்கு வந்தது: "வாங்கக்கா. அம்மா மதியம் சாப்பாட்டுக்கு வரச் சொல்றாங்க." திருத்துறைப்பூண்டியில் பஸ் மாற வேண்டும். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.